ஊரில் எந்தப் பக்கம்

முந்திய கல்விச் சபைத் தேர்தலில் ஒரு பெண்ணைத் தோற்கடிப்பதற்காக அவருடைய சாதியைத் தொலைபேசியில் பரப்பினேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பணத்துக்காகவும் செய்யவில்லை, பயத்துக்காகவும் செய்யவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வெல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு இது சுலபமான வழியாக இருந்தது. அவ்வளவுதான்.

ஊரில் நீண்டகாலம் கணிதம் படிப்பித்தவன் நான். ரொறன்ரோவுக்கு வந்தபிறகு ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். ஆனால் இங்கே இன்றைக்கும் எல்லோருக்கும் நான் மாஸ்ரர்தான். ஊர்ச் சங்கத்துக்கு இரண்டு தடவை தலைவராக இருந்திருக்கிறேன். ஒரு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "மாஸ்ரர் கதைக்கிறன்" என்று சொன்னால், சாப்பாட்டில் கை வைத்திருப்பவரும் எழுந்து வந்து கதைப்பார். அந்த மரியாதையைத்தான் நான் பயன்படுத்தினேன்.

எங்கள் வட்டாரத்தில் தமிழர்கள் தேர்தல் வேலை செய்வது ஊர் வாரியாக. தெருத் தெருவாகப் பிரிப்பது வெள்ளைக்காரரின் முறை. நாங்கள் பிறந்து வந்த ஊரை வைத்துப் பிரிப்போம். இந்த ஊர்க்காரருக்கு இவர், அந்தத் தீவுக்காரருக்கு அவர் என்று பொறுப்புக் கொடுத்துவிட்டால், ஆளாளுக்குத் தங்கள் ஊர்ச் சங்கத்தின் தொலைபேசி இலக்கங்களை எடுத்துவைத்துக்கொண்டு கூப்பிடத் தொடங்குவார்கள். எங்கள் ஊர் என் பொறுப்பு.

அந்த முறை, பாடசாலைகளை நடத்தும் அந்தச் சபையின் ஓர் இடத்துக்கு இரண்டு தமிழர்கள் நின்றார்கள். ஒருவர் எங்கள் ஊர்க்காரர், வீடு விற்பனை முகவர். பேருந்துத் தரிப்பிடத்து வாங்குகளின் விளம்பரப் பலகைகளில் அவருடைய சிரித்த முகத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். மற்றவர் அந்தப் பெண். நாற்பது வயது இருக்கும். பல் வைத்தியசாலை ஒன்றில் உதவியாளராக வேலை. அவருடைய மகனுக்குப் பேசுவதில் சிரமம் இருந்தது. வகுப்பில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து உதவும் ஆளைப் பாதி வருடத்தில் பாடசாலை நிறுத்திவிட்டது. அதை எதிர்த்துக் கேட்கப் போய், மற்றத் தாய்மாருக்காகவும் கேட்கத் தொடங்கி, கடைசியில் தேர்தலில் நின்றார். மோர்னிங்சைட் பக்கத்துத் தாய்மாரிடம் அவருக்கு நல்ல பெயர். எங்கள் ஊர் ஆட்களும் தொலைபேசியில் அவரைப் பற்றியே விசாரித்தார்கள்.

"மாஸ்ரர், உந்தப் பிள்ளையும் நிக்குதாமே? கெட்டிக்காரியெண்டு கதைக்கினம்."

"ஓமோம், கெட்டிக்காரிதான்," என்பேன். பிறகு சற்றுப் பொறுத்து, "ஊரில எந்தப் பக்கமெண்டு தெரியும்தானே?"

அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமல் சாதி பேசுவது எங்களுக்குப் பழக்கம். மறுமுனையில் ஒரு "ஓ" கேட்கும். சிலர், "அப்பிடியோ, எனக்குத் தெரியாமப் போச்சு" என்று எனக்கு நன்றியும் சொன்னார்கள். உண்மையில் அவர் எந்தப் பக்கம் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது. அவருடைய தகப்பன் எந்த வீதியில் இருந்தார் என்று யாரோ சொன்னதை வைத்து ஊகித்தேன். தெரிந்திருந்தாலும் செய்தது செய்ததுதான். அதனால் அதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை.

எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எண்ணவில்லை. வாக்கே இல்லாதவர்களிடமும் சொன்னேன். ஒருவர், "நாங்கள் வேதக்காரர் மாஸ்ரர், எங்களுக்கு வேறயா கத்தோலிக்கக் கல்விச் சபையின்ர வாக்குச்சீட்டெல்லோ தருவாங்கள்" என்றார். இன்னொருவர், "நாங்கள் ஒஷாவாவுக்கு மாறிக் கனகாலம்" என்றார். அவர்களிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தேன். தேர்தலுக்காகத்தான் செய்தேன் என்ற என் சமாதானம் அந்த இடத்தில் உடைந்துபோகிறது.

எங்கள் ஆள் வென்றார். விருந்து மண்டபத்தில் எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். சில நாட்களுக்குப் பிறகு மளிகைக் கடையில் மரக்கறி எடுத்துக்கொண்டு நின்றபோது அந்தப் பெண் எதிரே வந்தார். "சுகமா இருக்கிறியளோ அங்கிள்? உங்கட ஆள் வெண்டிட்டார், சந்தோசம்" என்று சிரித்தார். "ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, எடுத்த முருங்கைக்காயைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வெட்கம் அன்றைக்கே இருந்தது. ஆனால் வெட்கத்தோடு ஒருவர் வருடக்கணக்கில் வசதியாக வாழலாம். நானும் வாழ்ந்தேன்.

அந்த வசதி கெட்டது கல்விச் சபையின் பொதுக்கூட்டம் ஒன்றில். எங்கள் ஆள் என்னை வரச்சொல்லியிருந்தார். தமிழ் வகுப்புகளைப் பற்றி ஒரு விடயம் வருகிறது, நாலைந்து பெரியவர்கள் பின்னால் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். போய் இருந்தேன். அவர் வரவில்லை. முன்வரிசையில் அவருடைய பெயர்ப் பலகைக்குப் பின்னால் கதிரை வெறுமையாக இருந்தது. அன்றைக்குப் பொதுமக்கள் சார்பில் பேச வந்தவர்களில் அந்தப் பெண்ணும் ஒருவர். விசேட உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான உதவியாளர்களை எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் இன்னும் குறைக்கப் போகிறார்கள். அதைப் பற்றிக் கொடுத்த சில நிமிடங்களில் தெளிவாக, கோபப்படாமல் பேசினார். முடிவில் தலைவர், இந்த வட்டாரத்தின் உறுப்பினர் ஏதும் சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். எல்லோரும் அந்தக் கதிரையைப் பார்த்தார்கள். அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த வெறும் கதிரையை அங்கே கொண்டுபோய் வைத்தவர்களில் நானும் ஒருவன். அங்கே இருந்து பேசியிருக்க வேண்டியவர், வெளியாளாக நின்று பேசிவிட்டுத் தன் மேலங்கியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த பனிக்காலத்தில் எங்கள் ஆள் மாகாணத் தேர்தலில் நிற்பதற்காகப் பதவியை விட்டார். இடைத்தேர்தல் வந்தது. அந்தப் பெண் திரும்பவும் நிற்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றே போனேன். பிளாசா ஒன்றில், மூடிப்போன வீடியோக் கடையின் பின்னறையை யாரோ அவருக்கு இரவலாகக் கொடுத்திருந்தார்கள். உள்ளே நாலைந்து தாய்மார் துண்டுப்பிரசுரங்களை மடித்துக்கொண்டிருந்தார்கள். அவரைத் தனியாக வரச்சொல்லி, வாசலில் சப்பாத்துகள் குவிந்திருந்த இடத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஆரோ சொல்லித் திரியினம் எண்டு எனக்கு அப்பவே தெரியும்," என்றார். "ஆர் எண்டுதான் தெரியாது. நீங்களோ?"

"நான்தான்."

"கடையில உங்களைக் கண்டு சிரிச்சனான் எல்லே?"

"ஓம்."

 மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதைப் பிறகு பாப்பம். எனக்கு இப்ப நேரமில்லை. உங்களிட்டக் கார் இருக்கோ?"

"இருக்கு."

"ஸ்நோவில ஓடுவீங்களோ?"

"ஓடுவன்."

"அப்ப நாளைக்குக் காலமை வாங்கோ."

அன்றிலிருந்து அவர் என்னை அங்கிள் என்று கூப்பிடவில்லை. மற்றவர்களைப் போல மாஸ்ரர் என்றார்.

மறுநாள் முதல் விளம்பரப் பலகை நடும் வேலை எனக்கு. பனிக்காலத்தில் நிலம் கல்லாக இருக்கும். பலகையின் கம்பிக் கால்கள் இறங்காது. கொங்கிறீற்றில் துளை போடும் டிரில்லுக்கு நீண்ட அலகு மாட்டி, முதலில் நிலத்தில் இரண்டு துளை போட்டு, பிறகு கம்பியைச் செருக வேண்டும். என் வயதில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, பற்கள் எல்லாம் அதிரும். சந்தோசமாகத்தான் இருந்தது. உடம்பு நோகிற வேலை செய்தால் கடன் குறைவதுபோல ஒரு நினைப்பு. அந்த நினைப்பும் பிழை என்று பிறகு தெரிந்தது.

அதோடு நிற்காமல், அவரைக் கேட்காமல், இன்னொரு வேலையையும் தொடங்கினேன். முன்பு யாரிடமெல்லாம் சொன்னேனோ அவர்களுக்குத் திரும்பத் தொலைபேசி எடுத்தேன்.

முதலில் எடுத்தது என் பழைய நண்பர் ஒருவருக்கு. ஊரில் எங்கள் பாடசாலையிலேயே படிப்பித்தவர். இங்கே நெடுங்காலம் பேருந்து ஓட்டியவர். இப்போது மில்லிக்கனுக்குக் கிட்ட, வட்டாரத்தின் எல்லைக்குள் இருக்கிறார்.

"அந்தப் பிள்ளையைப் பற்றிப் போன முறை நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றேன்.

"என்ன மாஸ்ரர், வடிவா விசாரிச்சுப் பாத்தனீங்களோ?" அவருடைய குரலில் ஒரு பிரகாசம். "அப்ப எங்கட ஆக்களோ?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை, நான் சொல்ல வந்தது அது இல்லை என்று சொல்வதற்கு வாய் திறந்தேன். அதே கணத்தில் எனக்குள் இருந்த கணக்கு வாத்தியார் கூட்டிப் பார்த்துவிட்டார். இந்த வீட்டில் நாலு வாக்கு. அவருடைய தங்கை வீட்டில் மூன்று.

"நல்ல குடும்பத்துப் பிள்ளை," என்றேன்.

"அப்ப என்ன பிறகு! முதலே சொல்லியிருக்கலாமே!"

பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல குடும்பம்தானே. அடுத்த வீட்டுக்கு எடுத்தேன். அங்கேயும் அதே கேள்வி, அதே பதில். ஒரு கிழமைக்குள் எங்கள் ஊர் முழுவதும் அவர் பக்கம் திரும்பிவிட்டது. என் பழைய பாவத்தை முழுதாகக் கழுவிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்ணோடு வீடு வீடாகப் போனபோது அந்த நண்பரின் வீடும் வந்தது. கதவைத் திறந்தவர், என்னைக் கண்டதும் இரண்டு கைகளாலும் உள்ளே அழைத்தார்.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ. உதென்ன வாசல்லயே நிக்கிறது? குளிருக்கை வந்தனீங்கள், தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்."

அவருடைய மனைவி, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் கோப்பைகளில் தேநீர் கொண்டுவந்தார். அந்தப் பெண் பாடசாலை உதவியாளர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நண்பர் பாதியில் கையை ஆட்டினார்.

"அதெல்லாம் எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை பிள்ளை. மாஸ்ரர் சொன்னவர், நீங்கள் எங்கட ஆக்கள்தானாம். போன முறை பிழையான தகவல். எங்கட வீட்டு வாக்கு முழுக்க உங்களுக்குத்தான்."

அந்தப் பெண் கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அப்பிடி இல்லாட்டி ஐயா?"

"என்ன இல்லாட்டி?"

"நான் உங்கட ஆக்கள் இல்லாட்டி?"

நண்பர் சிரித்தார். "அதுதான் ஆக்களெண்டு மாஸ்ரர் சொல்லிப்போட்டாரே."

"மாஸ்ரருக்குத் தெரியாது," என்றார் அவர். "நானும் சொல்லமாட்டன். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேக்க இருந்தாக் கேளுங்கோ. எவ்வளவு நேரமெண்டாலும் இருந்து சொல்லுறன்."

நண்பர் என்னைப் பார்த்தார். நான் கம்பளத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் மிச்சத் தேநீரையும் குடித்து முடித்து, நண்பரின் மனைவியிடம், "நல்ல தேத்தண்ணி அன்ரி" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

காருக்குள் ஏறியபிறகு கேட்டார். "எத்தினை பேருக்கு இப்பிடி எடுத்தனீங்கள்?"

"முந்தி எடுத்த எல்லாருக்கும்."

"போன முறை என்னைக் கேக்காமல் ஒரு பக்கத்தில தள்ளினீங்கள். இந்த முறை கேக்காமல் மற்றப் பக்கத்தில இழுத்து வைச்சிருக்கிறியள். என்ன வித்தியாசம் மாஸ்ரர்?"

"உமக்கு வாக்கு வரும் எண்டு நினைச்சன்."

"வரும். எனக்கு அந்த வாக்கு வேணும். வேண்டாமெண்டு சொல்ல நான் என்ன பெரிய ஞானியோ? ஆனா அதை வாங்கிக்கொண்டு போய் ஆரின்ர முகத்தில முழிக்கிறது? என்ர அம்மா இன்னும் இருக்கிறா." கண்ணாடியில் படிந்த பனியைக் கையுறையால் துடைத்தார். "எல்லாருக்கும் திருப்பி எடுங்கோ. என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதேங்கோ. உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ."

"தோக்கிறதுக்கு வழி அது."

"தோத்து எனக்குப் பழக்கம். காரை எடுங்கோ, இன்னும் ரெண்டு தெரு இருக்கு."

மூன்றாம் தடவையாக அதே வீடுகளுக்குத் தொலைபேசி எடுப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லி அனுதாபம் தேட விரும்பவில்லை. ஆனால் முதல் இரண்டு தடவையும் எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். இந்த முறை சாதி என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னேன். "போன முறை சாதியைக் காட்டி ஒரு பிள்ளையின்ர வாக்கை உடைச்சவன் நான். இந்த முறை உங்களை நம்பவைச்சு அதையே திருப்பிச் செய்தன். அவா எந்தச் சாதி எண்டு எனக்குத் தெரியாது. நான் அதைக் கதைச்சது கேவலம். அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

"மாஸ்ரர், உங்களுக்குச் சுகமில்லையோ? உங்கட மகனோட ஒருக்காக் கதைக்கட்டோ?" என்று ஒருவர் கேட்டார்.

"உந்தச் சாதிக் கதையெல்லாம் இப்ப எங்களிட்ட இல்லை மாஸ்ரர், நாங்கள் அதையெல்லாம் விட்டுக் கனகாலம்," என்றார் இன்னொருவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் கேக்கிறன், அப்ப உண்மையில அவா ஆர்?"

ஒரு பெண்மணி நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.  பிறகு சொன்னார். "என்ர மருமகனும் நீங்கள் சொல்லுற அந்தப் பக்கம்தான் மாஸ்ரர். உங்களுக்குத் தெரியாது. முதல் முறை நீங்கள் எடுத்தபோது நான் சமைச்சுக்கொண்டு ஸ்பீக்கரில போட்டிருந்தனான். அவர் மேசையில இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்."

"என்ன சொன்னவர்?"

"சாப்பிட்டு முடிச்சுக் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைச்சிட்டுப் போயிட்டார்."

அவரோடு கதைத்துத் தொலைபேசியை வைத்தபிறகு அன்றைக்கு மேலும் யாருக்கும் எடுக்க என்னால் முடியவில்லை. மறுநாள் காலையில் தொடங்கி மிச்சம் எல்லோருக்கும் எடுத்தேன். நண்பருக்குக் கடைசியாக எடுத்தேன். "என்ர வீட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு வந்து என்னை அவமானப்படுத்திப்போட்டாய்" என்றார். ஆயுளில் முதல் தடவையாக என்னை நீ என்று சொன்னார். தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

அந்தப் பெண் தோற்றார். வித்தியாசம் சிறியது. எங்கள் ஊர் வாக்கு அப்படியே வந்திருந்தால் வென்றிருப்பார் என்பதை என்னிடம் பலர் வந்து சொன்னார்கள். "மாஸ்ரர் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்" என்றார்கள். அவர்கள் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். இரண்டு தடவையும் அவர் தோற்றதில் என் கை இருக்கிறது. முதல் தடவை வஞ்சகத்தால். இரண்டாம் தடவை, அந்த வஞ்சகத்தை அவிழ்க்கப் போன கெட்டித்தனத்தால்.

தேர்தலுக்கு மறுநாள் காலையில் போனபோது அவர் தெருவோரப் பனிக்குள் இருந்து பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு நின்றார்.  நானும் குனிந்து பிடுங்கத் தொடங்கினேன்.

"வளைக்காமல் எடுங்கோ," என்றார். "வாற வருசம் ஒக்ரோபருக்குத் தேவை."

"திரும்ப நிக்கப்போறீரோ?"

"பிள்ளையளுக்கு இன்னும் ஆள் குடுக்கேல்லையே. பிறகென்ன?"

அப்படித்தான் இப்போது நடக்கிறது. தமிழ் வீடுகளுக்கு என்னை அவர் அனுப்புவதில்லை. மோர்னிங்சைட்டில் உயர்ந்த இரண்டு வாடகைக் கட்டடங்களை எனக்குத் தந்திருக்கிறார். பிலிப்பைன்ஸ்காரர், ஆப்கானியர், கயானாக்காரர், எத்தியோப்பியர். நான் மாஸ்ரர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. கதவைத் தட்டினால் பாடசாலையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அதற்காகக் கல்விச் சபையின் வரவுசெலவுத் திட்டத்தை முழுவதும் படித்தேன். இத்தனை காலம் படிப்பித்தவன், இந்த ஊரில் ஒரு பாடசாலை எப்படி நடக்கிறது என்பதை முதல் தடவையாக இப்போதுதான் படிக்கிறேன். முழங்கால் வலிக்கிறது. மின்தூக்கியில் மேல்மாடிக்குப் போய், படிக்கட்டால் ஒவ்வொரு மாடியாக இறங்குகிறேன். முழங்காலுக்கு இறங்குவதுதான் கெடுதல் என்று பிறகு டொக்டர் சொன்னார். அதற்குள் பழகிவிட்டது.

அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்கவில்லை. கேட்பது அவருக்கு இன்னொரு வேலை வைப்பதுபோல இருக்கும்.

சென்ற வாரம் அந்த நண்பரின் வீட்டு இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது. அவர்தான் என்று நினைத்துத் தயங்கி எடுத்தேன். அவருடைய மனைவி.

"அண்ணை, அந்தப் பிள்ளை திரும்ப நிக்குதாமே?"

"ஓம் தங்கச்சி."

"போன முறை நான் அந்தப் பிள்ளைக்குத்தான் போட்டனான். இவருக்குத் தெரியாது." பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. "என்ர பேத்தியும் இப்ப வகுப்பில கதைக்கிறாள் இல்லையாம். மகள் அந்தரப்படுறாள். பக்கத்து வீட்டுத் தாய்மார் நாலைஞ்சு பேரையும் கூப்பிட்டு வைக்கிறன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

"அவர் என்ன சொல்லுவார்?"

"ஆர், இவரோ? இருந்தா இருக்கட்டும். இல்லாட்டிக் கீழ பேஸ்மன்றில போய் இருக்கட்டும். ஹீட்டர் இருக்குதுதானே."

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். துண்டுப்பிரசுரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அவையின்ர வீட்டுக்கோ?"

"ஓம். உமக்கு விருப்பமில்லாட்டி நான் சொல்லிவிடுறன்."

"எனக்கு விருப்பம் எண்டு ஆர் சொன்னது?" பெட்டியை மூடினார். "எத்தினை மணிக்கு எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. அந்தப் பேத்தியின்ர வகுப்பு ரீச்சர் ஆர் எண்டும் கேளுங்கோ."

இரண்டையும் கேட்டுச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் இறக்கிவிட்டேன். என்னை உள்ளே வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. காருக்குள் இருந்தேன். சற்று நேரத்தில் என் நண்பர் மேலங்கியோடு வெளியே வந்து, என் கார் நிற்பதைக் கண்டு, மறுபக்கமாகத் திரும்பித் தெருமுனை வரை நடந்தார். பிறகு குளிர் தாங்காமல் திரும்பி வந்து, கதவைத் திறந்து, தன் வீட்டுக்குள் போனார்.